தார்மோவின் ஒரே சொடுக்கு

போன வாரம் எங்கள் வட்டாரப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குத் தார்மோ லுவோமாவின் படம். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறான். பின்னால் பெரிய கணினித் திரை. 'ஒரே சொடுக்கில் எந்திரத்தை ஆட்டிவைக்கும் மனிதர்' என்று தலைப்பு வேறு. எங்கள் பட்டறையை விட்டுப் போனவன் இப்போது ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுக்கிறானாம். கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிறானாம். தூ! காபியைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் முறையும் படித்தேன். எங்கள் பட்டறையைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'அங்குதான் இவர் இந்த முறையை உருவாக்கினார்.' அந்த ஒரு வரிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று எழுதியவருக்குத் தெரியாது, பாவம். எனக்குத் தெரியும். அதனால் மீதி அரைப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

என் பெயர் ஐலா. கவ்ஹாவா என்னும் சின்ன ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஹெய்மோவின் பட்டறையில் மேற்பார்வை என் வேலை. ஹெய்மோதான் முதலாளி. நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அதனால் 'நீ'தான். காட்டில் மரம் வெட்டும் வண்டிகளுக்கும் டிராக்டர்களுக்கும் வேண்டிய எஃகுக் கட்டைகள் செய்கிறோம். கட்டைக்குள் எண்ணெய் ஓடக் குறுக்கும் நெடுக்குமாகத் துளைகள் இருக்கும். ஒரே குடும்பத்துக் கட்டைகள்தான், ஆனால் ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று நீளம், ஒன்றில் துளை ஆழம். மாதத்துக்கு ஒரு அளவாவது மாறும்.

அந்த மாற்றத்துக்குத்தான் தார்மோவின் முறை. முறை என்னவோ நல்ல முறைதான், இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். வாங்குகிற கம்பெனி வரைந்து அனுப்பும் மாடலுக்குள் நீளம், உயரம், ஆழம் எல்லாம் எண்களாக உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் அந்த எண்களைப் பார்த்துப் பார்த்து, மெஷினுக்குப் புரோகிராம் போடும் மென்பொருளில் ஒவ்வொரு வெட்டுக்கும் தனித்தனியாக மறுபடி அடிப்போம். ஓர் உயரம் மாறினால் அது வருகிற இடத்திலெல்லாம் தேடித் தேடி மாற்ற வேண்டும். எங்காவது ஒன்றை மறப்போம். தார்மோ தம்பெரே நகரத்தில் நடந்த வகுப்புக்குப் போய்விட்டு வந்து, எண்ணை அடிக்காமல், 'மாடலில் இருக்கும் உயரத்தை எடுத்துக்கொள்' என்று ஒவ்வொரு வெட்டுக்கும் எழுதி, எல்லாக் கட்டைகளுக்கும் பொதுவான ஓர் அச்சாக வைத்தான். மாடலில் எண் மாறினால் வெட்டுப்பாதை முழுவதும் தானே திருந்திக்கொள்ளும். ஹெய்மோ வாயைப் பிளந்து பார்த்தான். நானும்தான்.

அதோடு விட்டானா? அந்த அளவுகளுக்கெல்லாம் தன் வேட்டை நாய்களின் பெயரை வைத்தான். உயரத்துக்கு ஹல்லி. நீளத்துக்கு முஸ்தி. துளை ஆழத்துக்குப் பெனி. செத்த நாய், இருக்கிற நாய், மச்சான் வீட்டு நாய் என்று ஒன்று விடாமல் உள்ளே கட்டிப்போட்டான். 'ஹல்லியோடு ஐந்தைக் கூட்டு, பெனியில் இரண்டைக் கழி' என்று போகும் அவன் கணக்கு. வேறு யாராவது திறந்து பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

"ஏன் தார்மோ, உயரத்துக்கு உயரம்னே பேர் வச்சா என்ன கொறஞ்சா போயிடும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வச்சுட்டா நீயே புரோகிராம் போட்டுக்குவியே ஐலா. அப்புறம் என்னை எதுக்கு வச்சிருக்கப் போறாரு ஹெய்மோ?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் சொன்னதில் பொய்யே இல்லை. மனிதன் மனதில் இருந்தது அவ்வளவுதான். முறை பட்டறைக்கு உதவுமா என்பதல்ல, தன்னை யாரும் அசைக்க முடியாதபடி அமையுமா என்பதுதான் அவன் கவலை. லேத்தில் நின்ற நாளில் இவனும் எங்களைப் போல எண்ணெய்க் கையோடு திரிந்தவன்தான். வகுப்பு முடிந்து வந்த திங்கட்கிழமையிலிருந்து வெள்ளைச் சட்டை. மெஷின் பக்கம் வந்தால் சட்டையில் தெறிக்குமாம். கண்ணாடி அறையிலிருந்தே கையைக் காட்டிப் பேசுவான். காபி வேளையில் பேச்சு இரண்டே விஷயம்: அக்டோபர் மான் வேட்டையில் தன் குறி தப்பியதே இல்லை, அலுவலகத்தில் தன் சொடுக்கு தப்பியதே இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பீற்றிக்கொள்பவர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் ஓர் அளவு வேண்டாமா!

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது மெஷினின் வெட்டும் டூலைக் கொண்டுபோய் எதிலாவது இடித்தாலோ, எதையாவது உடைத்தாலோ, அந்த வெள்ளிக்கிழமைக் காலைக் காபிக்கு அவர் கேக் கொண்டுவர வேண்டும். யாரும் திட்ட மாட்டோம். கேக்கை வெட்டித் தின்போம், இரண்டு கிண்டல் அடிப்போம், விஷயம் அதோடு தீர்ந்தது. ஹெய்மோ சரக்கு வண்டியைப் பின்பக்கம் எடுத்துக் கதவைப் பெயர்த்தபோது அவனும் கொண்டுவந்தான். நான் தவறான அளவில் ஒரு கட்டு எஃகை அறுக்கச் சொன்னபோது நானும் கொண்டுவந்தேன். கொண்டுவராத ஒரே பிறவி தார்மோ. "தப்பு பண்றவங்க வாங்குற கேக்குல்ல அது," என்று சொல்லிக்கொண்டே பெரிய துண்டாகப் பார்த்து எடுப்பான். அடுத்தவர் கேக்கைத் தின்பதில் மட்டும் அவனுக்குக் கூச்சமே கிடையாது.

இனி ராக்கேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஃகை வெட்டித் துளை போடும் எங்கள் பெரிய மெஷினில் நிற்பவள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இது நடந்த வருஷம் அவளுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் கட்டைகளோ ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டிக் கனம். ஆனால் வசந்தத்தில் புது மெஷின் ஒன்று வருவதாக இருந்தது. கட்டையைத் தூக்கி வைக்க அதற்கே ஒரு கை உண்டு. "அது வந்ததும் உனக்குத்தான் ராக்கேல், அதுவரைக்கும் தூக்கிவிட ஒன்னி வருவான்," என்று ஹெய்மோ வாக்குக் கொடுத்திருந்தான். ஒன்னி பக்கத்துச் சின்ன மெஷின்காரன். புது மெஷின் கிடைத்தால் ராக்கேலுக்கு இங்கே வேலை உண்டு. கிடைக்காவிட்டால் எங்கள் பட்டறையில் மட்டுமல்ல, அந்தத் தோளோடு இந்த வட்டாரத்தில் எந்தப் பட்டறையிலும் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். தார்மோவுக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் உயரக் கட்டையின் குட்டை வடிவம் ஒன்று கேட்டு ஆர்டர் வந்தது. நூற்றிருபது மில்லிமீட்டர் உயரம் அறுபதாகக் குறைய வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே. தார்மோ ஹெய்மோவைத் தன் திரைக்கு முன்னால் உட்காரவைத்து ஹல்லியில் அறுபது என்று அடித்தான். ஒரு சொடுக்கு. பாதைகள் எல்லாம் சுருங்கி உட்கார்ந்தன.

"பாத்தீங்களா ஹெய்மோ, காபி ஆறல, ஜாப் ரெடி!"

ஹெய்மோ அவன் முதுகில் தட்டினான். புரோகிராம் ராக்கேலின் மெஷினுக்குப் போயிற்று. வெள்ளைச் சட்டையோடு அன்றைக்கு அதிசயமாகத் தார்மோவும் மெஷின் பக்கம் இறங்கிவந்தான், வேடிக்கை காட்ட.

முதல் கட்டையை ராக்கேல் எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுவாள். வேகக் குமிழைக் குறைத்து, சிவப்புப் பொத்தான் மேல் கையை வைத்துக்கொண்டு. அன்றும் குமிழைத் திருகக் கை நீட்டினாள்.

"என்ன ராக்கேல், ஆமை ஓட்டுறியா?" என்றான் தார்மோ.

"புது அளவுல்ல? ஒரு தடவ பாத்துக்கறேன்."

"எது புதுசு? அதே புரோகிராம்தானம்மா, ஒரு நம்பர்தான் மாறியிருக்கு. இதே புரோகிராம் எத்தன கட்டைய வெட்டித் தள்ளியிருக்கு! முழுசா வை, ஹெய்மோ பாத்துக்கிட்டிருக்காரு."

கண்ணாடிக்குப் பின்னால் ஹெய்மோ நிற்கிறான். புது மெஷின் யாருக்கு என்பதைக் கையில் வைத்திருப்பவன். ராக்கேல் குமிழை முழுசாக வைத்தாள். நான் பட்டறையின் அந்தக் கோடியில் இருந்தேன், இந்தப் பேச்செல்லாம் ராக்கேல் பிறகு சொன்னது. அந்தச் சத்தம் அங்கே வரை கேட்டது. அதைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டாம், கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. போட்டதைப் போட்டபடி ஓடினேன்.

கட்டையைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட் ஒன்றில் போய் டூல் முழு வேகத்தில் மோதியிருந்தது. டூல் சுக்குநூறு. டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் வளைந்துபோய்விட்டது. பழுதுபார்க்க ஆள் வர வேண்டும், மெஷின் நாள்கணக்கில் நிற்கும். ராக்கேலின் முகத்தில் ரத்தமே இல்லை. தார்மோவின் முகத்தை நான் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவன் அங்கிருந்து நழுவிவிட்டான்.

மதியத்துக்கு மேல் ஹெய்மோ எங்கள் எல்லோரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டான். தார்மோ திரையைத் திருப்பி வைத்திருந்தான். ஒரு வெட்டிலிருந்து இன்னொரு வெட்டுக்கு டூல் குறுக்கே போகும்போது எதிலும் இடிக்காமல் எவ்வளவு தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஓர் உயரம் குறித்திருப்போம். அதைக் காட்டினான்.

"நூத்தி முப்பதுல போகுது டூல். போல்ட் தொண்ணூறுதான் நிக்குது. நாப்பது மில்லி மேல பறக்குற டூல் எப்படிப் போய் போல்ட்ல இடிக்கும்? நீங்களே சொல்லுங்க." ராக்கேல் பக்கம் திரும்பினான். "ஜீரோ எடுக்குறதுல தப்பு நடந்திருக்கு. வேற என்ன சொல்றது?"

ஜீரோ எடுப்பது என்றால், கட்டை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுப்பது. அது ராக்கேலின் வேலை.

"ஜீரோ சரியாத்தான் எடுத்தேன்," என்றாள் ராக்கேல். "நீ பக்கத்துல நின்னு முழுசா வைக்கச் சொன்ன."

"வேகத்தச் சொன்னேன். ஜீரோவ நானா எடுத்தேன்?"

மெஷினுக்குள் இருந்த புரோகிராமைப் பார்க்கலாம் என்றால், "பழசு எதுக்குன்னு அப்பவே அழிச்சுட்டேன்," என்றான். நான் அவனைக் கூர்ந்து பார்த்தேன். நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹெய்மோவுக்குச் சண்டை என்றாலே ஆகாது. ராக்கேலைத் தனியாகக் கூப்பிட்டான். "இடிக்காதவங்க யாரு இங்க? வெள்ளிக்கிழம ஒரு கேக்கக் கொண்டுவந்துடு, அதோட எல்லாம் முடிஞ்சுது. புது மெஷின் விஷயத்துல இத நான் எடுக்க மாட்டேன்," என்றானாம். அவள் என்னிடம் வந்து, "நான் செய்யாததுக்கு நான் ஏன் ஐலா கேக் கொண்டுவரணும்?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மெஷின் கைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கொண்டுவந்தாள். கடையில் வாங்கியதல்ல. அந்தத் தோளை வைத்துக்கொண்டு கிரீம் அடித்து, கோடையில் உறையவைத்த ஸ்ட்ராபெரியை அடுக்கி, வீட்டில் செய்தது. யாரும் கிண்டல் செய்யவில்லை. தார்மோ இரண்டு துண்டு தின்றான். தின்று முடித்து, விரலை நக்கிவிட்டுச் சொன்னான்:

"அடுத்த தடவ கிரீமக் கொஞ்சம் தூக்கலா போடு ராக்கேல்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராக்கேல் தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரம் ஹெய்மோ தலையைச் சொறிந்துகொண்டு என் மேசைக்கு வந்தான். புது மெஷினுக்கு வேறு ஆளைப் போடலாமா என்று யோசிக்கிறானாம். தார்மோ ஒரு பெயர் சொன்னானாம், அவனோடு வேட்டைக்குப் போகிறவன்.

"ராக்கேலுக்கு வாக்குக் குடுத்தியே ஹெய்மோ?"

"குடுத்தேன்தான். ஆனா ஜீரோ எடுக்கவே தடுமாறுற ஆள அவ்வளவு பெரிய மெஷின்ல எப்படி விடறது? தப்ப அவளே ஒத்துக்கிட்டாள்ல, கேக்கெல்லாம் கொண்டுவந்து..."

அவனே கொண்டுவரச் சொல்லிவிட்டு, அவனே இப்படிப் பேசுகிறான்! "உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று கேட்டேன். அசடு வழிந்துகொண்டு போய்விட்டான். ராக்கேலிடம் இன்னும் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிடுவான். ஹெய்மோ கெட்டவனில்லை. கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்கிறவன். தார்மோ எப்போதும் கடைசியாகப் பேசுவான்.

விஷயம் எனக்குப் பிடிபட்டது ஒன்னியின் சின்ன மெஷினில்தான். அவன் வெட்டுவது முப்பது மில்லிக்கு மேல் போகாத சப்பைக் கட்டைகள். ஒருநாளில் முடிக்கிற எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. தூங்குகிறானா என்று திட்டுவதற்காகப் போய் நின்றேன்.

"என்னை ஏன் திட்டுற ஐலா? இதப் பாரு." மெஷினைக் காட்டினான். டூல் ஒரு துளை போட்டுவிட்டு விட்டத்தைத் தொடப்போவது போல மேலே போயிற்று, பக்கத்துத் துளைக்கு நகர்ந்தது, மறுபடி அவ்வளவும் இறங்கிற்று. "துளைக்குத் துளை இப்படித்தான். முன்னெல்லாம் கட்டைய ஒட்டியே நகரும். வேணும்னா எண்ணிப் பாரு, பாதி நேரம் ஏறி எறங்குறதுலயே போயிடுது."

"எப்பலேருந்து?"

"ராக்கேலோட மெஷின் இடிச்சுதே, அதுக்கு மறுநாள்லேருந்து."

திரையில் பார்த்தேன். டூல் ஏறி நின்ற உயரம் நூற்று முப்பது.

அங்கேயே, டூலின் சூட்டைத் தணிக்கும் குளிர்நீர் தெறிக்கத் தெறிக்க, நின்றுவிட்டேன். எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் புத்திசாலி, டூல் தூக்கிக்கொண்டு போகிற உயரத்தையும் மாடலிலிருந்தே எடுக்கச் சொல்லியிருந்தான்! ஹல்லியோடு ஐந்தைக் கூட்டு. நூற்றிருபது மில்லிக் கட்டைக்கு நூற்றிருபத்தைந்தில் போகும், தொண்ணூறில் நிற்கும் போல்ட்டுக்கு மேலாக ஜம்மென்று போய்விடும். கட்டை அறுபதானால் டூலும் அறுபத்தைந்துக்கு இறங்கிவிடும். போல்ட் இறங்குமா? போல்ட் மாடலில் இல்லை. வரைந்தவர்கள் கட்டையைத்தான் வரைந்தார்கள், எங்கள் கிளாம்ப்பை வரையவில்லை. கட்டை குட்டையானால் கிளாம்ப்பும் கூடவே குட்டையாகிவிடும் என்று, மெஷின் பக்கமே வராத வெள்ளைச் சட்டைதான் நினைக்கும். ஒன்னியின் கட்டைகளுக்கு இந்த ஆபத்து இல்லை. அவற்றை அடியிலிருந்து இறுக்குவோம், மேலே நீட்டிக்கொண்டு எதுவும் நிற்காது.

தப்பு நடக்கும். அதற்காக ஒருவனைக் கேவலமாக நினைக்க மாட்டேன். ஆனால் இடித்த சத்தம் கேட்ட அந்த நொடியே அவனுக்குத் தெரிந்திருக்கிறது எது இடித்தது என்று. ஓடிப்போய் எல்லாப் புரோகிராமும் பிறக்கிற அந்த அச்சில் ஹல்லியை எடுத்துவிட்டு நூற்று முப்பது என்று எழுதினான். மெஷினில் இருந்ததை அழித்தான். திருத்தியதை ஹெய்மோவுக்குக் காட்டி, பழியை அவள் தலையில் கட்டினான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தக் கேக்கை இரண்டு துண்டு தின்றான்! அந்த அச்சிலிருந்துதான் ஒன்னியின் புரோகிராமும் பிறக்கிறது என்பதை மறந்துவிட்டான். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவனுக்கு அதுகூட நினைவில்லை.

ஹெய்மோவிடம் நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தார்மோ, "அத மேம்படுத்தினேன் ஹெய்மோ," என்பான். இவன் தலையாட்டுவான். அதனால் சொல்லவில்லை. ராக்கேலிடம் மட்டும் சொன்னேன், என்ன செய்யப் போகிறேன் என்பதையும் சொன்னேன்.

"தெரிஞ்சுதான் தின்னானா?" என்று மட்டும் கேட்டாள்.

பழுதுபார்ப்பவர் ஸ்பிண்டிலை மாற்றிவிட்டுப் போன மறுநாள் காலை. காபி முடிந்த கையோடு எல்லோரையும் பெரிய மெஷினுக்குக் கூப்பிட்டேன். ஹெய்மோ, ஒன்னி, ராக்கேல், தார்மோ, இன்னும் வேலையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். அறுபது மில்லிக் கட்டை மெஷின் மேடையில் இறுக்கியிருந்தது. அதே கிளாம்ப். அதே தொண்ணூறு மில்லி போல்ட்.

"பழுதுபாக்க வந்தவர் ஒரு உபகாரம் பண்ணிட்டுப் போயிருக்காரு," என்றேன். "இடிச்ச அன்னைக்கு மெஷினுக்குள்ள இருந்த புரோகிராம் அழிஞ்சாலும் உள்ள ஒரு மூலைல தங்கியிருக்குமாம். எடுத்துக் குடுத்தாரு. இப்ப அதத்தான் ஏத்தியிருக்கேன். ஜீரோவ நானே எடுத்தேன், ஒன்னி சரிபார்த்தான். தப்பு ஜீரோலதான், புரோகிராம்ல இல்லன்னு தார்மோ சொல்றான். நல்லது. தார்மோ, வா. நீயே ஓட்டு."

"நான் எதுக்கு? அது ஆபரேட்டர் வேல."

"உன் புரோகிராம்தானப்பா. ஒரு பொத்தான அமுக்குறதுல என்ன வந்துடப் போகுது?"

"சட்டைல தெறிக்கும்..."

"புதுச் சட்ட நான் எடுத்துத் தர்றேன். வா."

ஒன்னி சிரித்துவிட்டான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வராமல் இருக்க முடியுமா? வந்தான். வேகக் குமிழ் முழுசாக இருந்தது, ராக்கேல் வைத்த மாதிரியே. புரோகிராம் அவன் முகத்துக்கு நேராகத் திரையில் தெரிந்துகொண்டிருந்தது. இரண்டு வரி படித்திருந்தால் போதும், எந்த உயரத்தில் போகிறது என்று தெரிந்துவிடும். அவன் படிக்கவில்லை. எண்ணை மாற்றிச் சொடுக்குவதோடு சரி, தன் புரோகிராம் என்ன எழுதுகிறது என்று படித்துப் பார்க்கும் பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிருந்தது. போல்ட்டைத்தான் பார்த்தான். பச்சைப் பொத்தானுக்குக் கொண்டுபோன விரல் பாதியில் நின்றது. கழுத்தில் வேர்வை ஓடிற்று. மற்றொரு கை மெதுவாக எழும்பி, வேகக் குமிழைத் திருகிற்று. முழு வேகத்திலிருந்து பாதி, பாதியிலிருந்து கால், அதிலிருந்து பூஜ்யம்.

"ஏம்ப்பா கொறைக்கிற?" என்றான் ஹெய்மோ.

"போல்ட்ல இடிச்சிடும்," என்றான் தார்மோ.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

ஹெய்மோ அவனையே பார்த்தான். போல்ட்டைப் பார்த்தான். மறுபடி அவனைப் பார்த்தான். "ஜீரோலதான தப்புன்னே?" என்று கேட்டான். அந்தக் குரலை நான் அதுவரை ஹெய்மோவிடம் கேட்டதில்லை.

"தள்ளு," என்றாள் ராக்கேல்.

அவன் விலகினான். அவள் குமிழைப் பூஜ்யத்திலிருந்து முழு வேகத்துக்கு ஒரே திருப்பாகத் திருப்பினாள். ஹெய்மோ, "ஏய் ராக்கேல், வேண்டாம்!" என்று பாய்ந்தான். அதற்குள் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டாள். டூல் போல்ட்டுகளுக்கு மேலே நாற்பது மில்லி உயரத்தில் பறந்து போய், இறங்கி, முதல் துளையைப் போட்டது. பிறகு இரண்டாவது. ஒன்றும் இடிக்கவில்லை.

ஏனென்றால் பழுதுபார்ப்பவர் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவருக்கு என்ன தெரியும், பாவம். மெஷினில் இருந்தது தார்மோவே திருத்திவைத்த புரோகிராம்தான். அமுக்கியிருந்தால் கட்டை ஒழுங்காக வெட்டியிருக்கும், நான்தான் மூக்குடைபட்டு நின்றிருப்பேன். ஹெய்மோவிடம் இதைச் சொன்னபோது அவன் அங்கே கிடந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

தார்மோ இன்னும் அங்கேயே நின்றான். வெள்ளைச் சட்டையில் குளிர்நீர் தெறித்திருந்தது. மன்னிப்புக் கேட்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். "ஆளாளுக்குச் சேந்து என்னைச் சிக்கவைக்கப் பாத்தீங்கல்ல?" என்றான்.

ராக்கேல் மெஷினை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"அன்னைக்கு உன் பேச்ச நம்பி முழுசா வச்சேன் தார்மோ. இன்னைக்கு நீயே உன்ன நம்பல."

அவன் கண்ணாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஹெய்மோ எழுந்து ராக்கேலின் பக்கத்தில் போய் நின்றான். தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டுக்கொண்டான்.

"புது மெஷின் உனக்குத்தான் ராக்கேல். நான் உன்கிட்ட..."

"இருங்க ஹெய்மோ," என்றாள் அவள். "இந்தக் கட்டை முடியட்டும்."

ஹெய்மோ கட்டை முடியும்வரை அவள் பக்கத்திலேயே நின்றான்.